மணல் மகுடம்

2022-ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 4-ஆம் நாள். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவர் நான்சி பெலோசி அம்மையார் தைவான் தீவிலே அடிவைத்துத் திரும்பிய மறுநாள். சீனப் படையினர் அத்தீவைச் சுற்றிலும் கடலிலே கட்டம் கட்டிப் போர்ப் பயிற்சி தொடங்கினர். ஏவுகணைகள் பறந்தன. கடல் கொதித்தது, இதழ்களின் முதற்பக்கங்கள் கொதித்தன, நமது வீட்டுக் கூடமும் கொதித்தது! காரணம், அந்தத் தீவிலே, சின்ச்சு எனும் நகரிலே, குறைக்கடத்திகளைப்பற்றி ஆராய 2019-இலே சென்ற நம் மகள் இருந்தாள்.

துணைவியார் தொலைபேசியை விட்டு நகரவில்லை. மைத்துனர் விமானக் கட்டணம் விசாரித்தார். நம் தமக்கையாரோ பழைய பெட்டியைத் திறந்தார். எவர் எழுதி வைத்ததோ, மகளின் ஜாதகத்தைத் தேடி எடுத்தார். தெருக்கோடிச் சோதிடரிடம் சென்றார். முகம் வெளிறித் திரும்பினார்.

"ஏழரைச் சனியாம்! கடல் கடந்த இடத்திலே கண்டமாம்! பிள்ளையை உடனே வரவழைத்துவிடு, தம்பி!" என்றார்.

நாம் சிரித்தோம். "அக்கா! அத்தீவிலே வாழ்வோர் 2 கோடியே 30 இலட்சம் பேர். அத்துணைப் பேருக்குமா ஒரே வேளையிலே ஏழரைச் சனி?" என்று கேட்டோம்.

அக்காள் விடை கூறவில்லை. ஆனால், கேலி பேசிய நமக்கும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. வாய் பகுத்தறிவு பேசிற்று, வயிறு கலங்கிற்று. மறைத்துப் பயன் என்ன? பெற்ற மனம் அத்தகையது. சனியைக் கேலி செய்வதனால் மட்டும் அச்சம் அகன்றுவிடாது. அச்சத்தின் காரணத்தை அறிந்தால்தான் அகலும், அல்லது அளவுக்குள் அடங்கும். எனவே, சனியை விடுத்துச் சரித்திரத்தைப் புரட்டினோம்.

* * *

மணல்! மிதித்தால் சரியும் மணல். பிடித்தால் நழுவும் மணல். பிள்ளைகள் வீடு கட்டி விளையாடும் மணல். அம்மணலிலே மறைந்துகிடக்கும் சிலிக்கனைப் பிரித்தெடுத்து, மாசு மறுவற்றதாக்கி, வட்டத் தகடாக அறுத்து, அத்தகட்டின்மீது ஒளியைக்கொண்டு கோலமிட்டு, விரல் நகத்தளவு இடத்திலே ஆயிரம் கோடிக்கும் மேலான டிரான்சிஸ்டர்களை அமர்த்துகின்றனர். அதற்குத்தான் சில்லு என்று பெயர்.

நம் இளமையிலே, ஊர்ப் படிப்பகத்துத் திண்ணையிலே ஒரு டிரான்சிஸ்டர் வானொலி இருந்தது. அதனைச் சுற்றி ஊரே கூடும். அதன் வயிற்றுக்குள்ளே இருந்தவை ஆறோ ஏழோ டிரான்சிஸ்டர்கள்! அதையே அதிசயம் என்று வாய் பிளந்து நின்றோம். 1947-இலே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலே பார்டீன், பிராட்டைன், ஷாக்லி எனும் அறிஞர்கள் ஈன்ற குழந்தை அது. 1958-இலே ஜாக் கில்பியும், அடுத்த ஆண்டிலே ராபர்ட் நாய்சும், பல உறுப்புகளை ஒரே துண்டிலே அமைக்கும் வழியைக் கண்டனர். ஆறு, ஆயிரமாயிற்று, ஆயிரம், கோடியாயிற்று. இன்று தொலைபேசி, மோட்டார், மருத்துவமனைக் கருவி, வங்கிக் கணக்கு, ஏவுகணை—அனைத்துக்கும் அச்சில்லே மூளை.

அமெரிக்காவிலே பிறந்த அந்த அறிவு, ஒரு சிறு தீவிலே போய் அரியணை ஏறியது எவ்விதம்? தவம் செய்து பெற்ற வரமா? இல்லை! பசியாறும் கடையிலே தொடங்கிய கதை அது.

1974-ஆம் ஆண்டு, பிப்ரவரி 7-ஆம் நாள் காலை. தைப்பே நகரிலே ஒரு சோயாப் பால் கடை. எழுவர் கூடி அமர்ந்திருந்தனர். ஒருவர் பொருளாதார அமைச்சர் சுன் யுன்-சுவான். மற்றொருவர் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்திலே பணியாற்றிய பொறியியல் அறிஞர் பான் வென்-யுவான். நாட்டின் நிலையோ நலிந்த நிலை. 1971-இலே ஐக்கிய நாடுகள் அவையிலிருந்து வெளியேற நேர்ந்தது. 1973-இலே எண்ணெய் விலை ஏறி இடித்தது. 'குடையும் மிதியடியும் விற்று எத்தனை காலம் பிழைப்பது?' என்பது அன்றைய கவலை. சில்லுத் தொழிலைக் கற்போம் என்றார் பான். 'எத்தனை ஆண்டு?' 'நான்கு.' 'எவ்வளவு பொருள்?' '1 கோடி டாலர்.' ஆடம்பர மாளிகையிலே அல்ல, ஆவி பறக்கும் பால் கிண்ணங்களுக்கிடையே அம்முடிவு பிறந்தது.

1976-இலே ஆர்.சி.ஏ. நிறுவனத்தோடு ஒப்பந்தம். இளம் பொறியாளர்கள் அமெரிக்கா சென்றனர், கற்றனர், திரும்பினர். 1980-இலே சின்ச்சுவில் அறிவியற் பூங்கா எழுந்தது. 1985-இலே வந்து சேர்ந்தார் மாரிஸ் சாங்.

யார் இவர்? 1931-இலே சீனத்து நிங்போவிலே பிறந்து, போருக்குப் பயந்து ஊர் ஊராய் ஓடிய குடும்பத்துப் பிள்ளை. 1949-இலே அமெரிக்கா சென்றவர். புகழ்பெற்ற எம்.ஐ.டி.யிலே முனைவர் பட்டத்துக்கான தகுதித் தேர்விலே இரண்டு முறை தோற்றவர்! டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்திலே 25 ஆண்டு உழைத்தும் உச்சப் பதவி கிட்டாதவர். 54-ஆம் வயதிலே, பிறர் ஓய்வைப்பற்றி எண்ணும் பருவத்திலே, அத்தீவுக்கு வந்தார். 1987-இலே தொடங்கினார் டி.எஸ்.எம்.சி. எனும் நிறுவனத்தை. 'நாம் சொந்தமாகச் சில்லு வடிவமைத்து உங்களோடு போட்டியிட மாட்டோம். வடிவம் உமது, வார்ப்பு எமது' என்பதே அவர் உலகத்துக்குச் சொன்ன செய்தி. பணம் கேட்டார். இன்டெல் கைவிரித்தது, தாம் உழைத்த பழைய நிறுவனமும் கைவிரித்தது. அரசினர் ஏறத்தாழப் பாதி தந்தனர். நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 27.5 விழுக்காடு தந்தது.

கைவிரித்தோர் பின்னர் வரிசையிலே நின்றனர்! 2021-இலே அமெரிக்கக் குறைக்கடத்தித் தொழிற் சங்கம் வெளியிட்ட அறிக்கை கூறிற்று: 10 நானோமீட்டருக்கும் நுண்ணிய சில்லுகளை உருவாக்கும் ஆற்றலிலே 92 விழுக்காடு அத்தீவிலே உள்ளது என்று. மணலிலே செய்த மகுடத்தை அத்தீவு தன் தலையிலே சூடிக்கொண்டது.

* * *

ஆனால், எந்த மகுடமும் எவர் தலையிலோ ஏறுமுன் எவர் முதுகையோ மிதித்தே ஏறியிருக்கிறது. அதனையும் கூறாவிடில் நாம் சொல்வது புராணமாகும், வரலாறாகாது.

கற்றுக்கொடுத்த அதே ஆர்.சி.ஏ., தைவானின் தாவோயுவானிலே ஒரு மின்னணுத் தொழிற்சாலை வைத்திருந்தது. பல்லாயிரம் தொழிலாளர், அவர்களிலே பெரும்பாலோர் பெண்கள். 1992-இலே அது மூடப்பட்டது. நச்சுக் கரைப்பான்கள் நிலத்தடி நீரிலே கலந்திருந்த செய்தி 1994-இலே வெளிப்பட்டது. அங்கே பணியாற்றியோரிடையே புற்றுநோய்! 2004-இலே வழக்காடத் தொடங்கினர். 2015-இலே கீழ்மன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது; 2018-இலே உச்சநீதிமன்றம் ஒரு பகுதியினருக்கான இழப்பீட்டை உறுதி செய்தது. சோயாப் பால் கடை எழுவரின் பெயர் ஏட்டிலே இருக்கிறது. அந்தப் பெண்களின் பெயரை எந்த ஏடு ஏந்தியது?

2021-ஐ எடுத்துக்கொள்வோம். அரை நூற்றாண்டிலே காணாத வறட்சி அத்தீவைத் தாக்கிற்று. சில்லுத் தகட்டைக் கழுவத் தூய நீர் வேண்டும். அதுவும் ஆறாக வேண்டும். நீர் எவருக்கு? ஆலைக்கா, வயலுக்கா? பல்லாயிரம் எக்டேர் நெல் வயல்களுக்குப் பாசனம் நிறுத்தப்பட்டது, இழப்பீடு தரப்பட்டது, ஆலைகளுக்கு வண்டிகளிலே நீர் சென்றது. 2023 மார்ச்சிலே, மகளைக் காணச் சென்றிருந்தபோது, சின்ச்சுவுக்கு அண்மையிலே ஒரு முதிய உழவரைச் சந்தித்தோம். மகள் மொழிபெயர்த்தாள். "இழப்பீடு கிடைத்ததல்லவா, ஐயா?" என்று கேட்டோம்.

"கிடைத்தது. ஆனால், வேலையற்றவனுக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்தார்கள். நான் வேலையற்றவன் அல்லவே! வயல் அதோ இருக்கிறது" என்றார் அவர்.

அச்சொல் நம்மைத் தைத்தது. காசு கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம். உழைப்பாளியின் மதிப்பை எந்தக் கணக்கிலே எழுதுவது?

* * *

சரி, மகுடம் சூடியது தீவு. அது தனியரசா? இல்லை. இத்தொழிலிலே தனியரசு எவருக்கும் இல்லை. இதுதான் வேடிக்கை, இதுவே வேதனை.

மிக நுண்ணிய சில்லுகளிலே கோலமிடும் இயந்திரத்தை உலகிலே ஒரே ஒரு நிறுவனம்தான் செய்கிறது. நெதர்லாந்து நாட்டு வெல்ட்ஹோவனிலே உள்ள ஏ.எஸ்.எம்.எல். நொடிக்கு 50,000 வெள்ளீயத் துளிகள் விழ, விழும் துளி ஒவ்வொன்றையும் லேசர் ஒளி தாக்க, அத்தாக்குதலிலே 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி பிறக்கிறது. கண்ணாடிகள் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்துடையவை. ஒளி மூலம் அமெரிக்காவின் சான் டியேகோவிலே வளர்ந்தது. வேதிப் பொருள்கள் ஜப்பானிலிருந்து வருகின்றன. 2022-இலே உக்ரைனிலே போர் மூண்டபோது, மரியுபோல், ஒடெசா நகரங்களிலிருந்து வந்த நியான் வாயு நின்றுபோகவே, உலகத்துச் சில்லு ஆலைகள் திகைத்தன.

ஊர் கூடி இழுத்தால்தான் இத்தேர் ஓடும். ஒற்றுமையைக் கற்பிக்க இதனினும் சிறந்த பாடம் உண்டா? ஆனால், வல்லரசுகள் கற்ற பாடம் என்ன? வடத்தைப் பிடித்து இழுப்பதை அல்ல, வடத்தை அடுத்தவன் கழுத்திலே சுற்றுவதைக் கற்றுக்கொண்டன!

காணுங்கள் வரிசையை. 1980-களிலே ஜப்பான் இத்தொழிலிலே முந்திற்று. உலகச் சந்தையிலே பாதியை எட்டிற்று. நட்பு நாடுதான்; ஆனால், முந்திய நண்பன்! 1986-இலே அமெரிக்கா ஓர் ஒப்பந்தம் எழுதுவித்தது. 1987-இலே, ஒப்பந்தப்படி நடக்கவில்லை என்று கூறி, 30 கோடி டாலர் மதிப்புள்ள ஜப்பானியப் பொருள்கள்மீது 100 விழுக்காடு வரி விதித்தது ரேகன் ஆட்சி. கொரியப் போட்டியும் சேர்ந்துகொள்ள, ஜப்பானின் பங்கு பின்னர்ப் படிப்படியாய்ச் சரிந்தது.

அடிபட்ட ஜப்பான், அடிக்கும் கலையை மறந்ததா? தன் ஆட்சிக் காலத்திலே கட்டாய உழைப்புக்கு இரையான கொரியர்களுக்கு ஜப்பானிய நிறுவனம் இழப்பீடு தரவேண்டுமென்று 2018 அக்டோபரிலே தென் கொரிய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜூலையிலே, சில்லுத் தொழிலுக்குத் தேவையான மூன்று வேதிப் பொருள்களின் ஏற்றுமதியை இறுக்கிற்று ஜப்பான். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சாதித்தனர். 2023-இலேதான் பிடி தளர்ந்தது.

அதே 2019-இலே, சீனத்து வாவே நிறுவனத்தை அமெரிக்கா தடைப் பட்டியலிலே சேர்த்தது. 2020-இலே, அமெரிக்கக் கருவி கொண்டு எந்த நாட்டிலே செய்த சில்லாயினும் உத்தரவின்றி அந்நிறுவனத்துக்குச் செல்லலாகாது என்றது. 2022 அக்டோபர் 7-இலே, உயர்தரச் சில்லும் அதனைச் செய்யும் கருவியும் சீனத்துக்குப் போகாதவாறு கதவடைத்தது. சீனம் வாளாவிருந்ததா? 2023 ஆகஸ்டு முதல் காலியம், ஜெர்மானியம் எனும் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அம்மாதமே, தடைகளை மீறிச் சீனத்திலேயே செய்த 7 நானோமீட்டர்ச் சில்லோடு வாவேயின் தொலைபேசி விற்பனைக்கு வந்தது. கதவடைத்தால் சுவரிலே வழி பிறக்கும் என்பதற்கு அது சான்று.

உத்தமர் எவரும் இல்லை இந்தக் களத்திலே. 'பாதுகாப்பு' என்பார் ஒருவர். 'உரிமை' என்பார் மற்றவர். பற்றிக்கொள்ளும் கரங்கள் வேறு. பற்றப்படும் கழுத்து, நம் போன்றோரது கழுத்து.

* * *

சின்ச்சு, காற்று நகரம். அந்தக் காற்றிலே அரிசி மாவை இழைத்து உலர்த்தி, நம் சேவையைப் போன்றதோர் உணவு செய்கின்றனர். ஒருபுறம் அரிசி இழை, மறுபுறம் சிலிக்கன் தகடு! பல்கலைக்கழகத்திலே தமிழ் மாணவர் பலரைக் கண்டோம். தஞ்சைப் பக்கத்துப் பிள்ளை ஒருவர் மிளகுச் சாறு வைத்துத் தந்தார். மகள் தன் ஆய்வுக்கூடத்தைக் காட்ட அழைத்துச் சென்றாள்.

அங்கே, விலை மதிப்பற்ற ஒரு கருவியின் தலைமீது, பச்சை நிறத்திலே ஒரு தின்பண்டப் பொட்டலம் இருந்தது.

"யாரம்மா இதை மறந்து வைத்தது?" என்றோம்.

"மறந்து வைத்ததல்ல, அப்பா. இதன் பெயர் குவாய் குவாய். 'சமர்த்தாய் இரு' என்று பொருள். இது இருந்தால் கருவி சமர்த்தாய் ஓடுமாம். பச்சை நிறமாகவே இருக்கவேண்டும். மஞ்சளோ சிவப்போ ஆகாது. நாள் கடந்த பொட்டலமாகவும் இருக்கக் கூடாது. இந்தத் தீவிலே கருவி உள்ள இடமெல்லாம் இதைக் காணலாம்."

"நீ நம்புகிறாயா?"

"இல்லை. இங்கே எவரும் நம்புவதாகச் சொல்லமாட்டார். பழுது வந்தால் பொறியாளரைத்தான் அழைப்போம். ஆனால், அந்தப் பொட்டலத்தை எடுத்துவிடும் துணிவும் எவருக்கும் இல்லை."

கடகடவென்று சிரித்தோம். நம் ஊர் வாயிலிலே எலுமிச்சையும் மிளகாயும் தொங்குகின்றன. அணுவை அளக்கும் கூடத்திலே பொரித்த பண்டம் காவல் காக்கிறது! அறிவு வளர்வது வேறு, அச்சம் ஒழிவது வேறு.

இரவு, படுக்கையிலே, சிரிப்பு நின்றது. சிந்தனை எழுந்தது. 'சிலிக்கன் கேடயம்' என்று அத்தீவைப்பற்றி ஒரு சொல் வழங்குகிறது. 2001-இலே வெளிவந்த ஒரு நூல் அதனைப் பரப்பிற்று. இவ்வளவு ஆலைகள் இருக்கையிலே எவரும் தீவைத் தாக்கத் துணியார். தாக்கினால் தமக்கே இழப்பு. எனவே, சில்லே கேடயம் என்பது அதன் பொருள். அதிலே உண்மை இல்லாமல் இல்லை. 2022-இலே சீனம் கச்சா எண்ணெய் வாங்கச் செலவிட்டதைவிடச் சில்லு வாங்கச் செலவிட்டதே மிகுதி. ஆனால், இழப்பு வரும் என்று தெரிந்தும் போர் தொடுத்தோர் வரலாற்றிலே இல்லையா? 1914-இலே ஐரோப்பிய நாடுகள் வணிகத்தாலே பின்னிப் பிணைந்தே இருந்தன. பீரங்கிகள் வாய் மூடியிருந்தனவா?

மேலும், கேடயத்தையே கேட்கின்றனர் காவலர்! 2020-இலே அரிசோனாவிலே ஆலை அமைப்பதாக டி.எஸ்.எம்.சி. அறிவித்தது. 2022 ஆகஸ்டிலே அமெரிக்கா சில்லுச் சட்டம் இயற்றி, உற்பத்திக்கென 3,900 கோடி டாலர் ஒதுக்கிற்று. 2024-இலே ஜப்பானின் குமமோட்டோவிலே ஆலை திறப்பு. ஜெர்மனியின் டிரெஸ்டனிலே அடிக்கல். 2025 மார்ச்சிலே அரிசோனா முதலீடு 16,500 கோடி டாலராக உயருமென அறிவிப்பு. 'நீ இன்றியமையாதவன், ஆகவே காப்போம்' என்றவர்கள், 'உன்னிடம் உள்ளதை எம்மிடமும் வை, பிறகு பார்ப்போம்' என்கின்றனர். கருவியின் தலையிலே வைத்த பச்சைப் பொட்டலம் நினைவுக்கு வந்தது. எடுத்துவிடும் துணிவு இல்லை. காக்கும் என்ற உறுதியும் இல்லை.

* * *

2024-இலே மகள் முனைவரானாள். சின்ச்சுவிலேயே வேலையும் கிடைத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் அத்தீவைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கிற்று. நம் இல்லத்திலே மீண்டும் மாநாடு! "போதும், திரும்பட்டும்" என்றார் துணைவியார். "விமானச் சீட்டு எடுக்கிறேன்" என்றார் மைத்துனர். அக்காள் மறுபடியும் பெட்டியைத் திறந்தார். நாமும், வரலாறு முழுவதும் படித்த பெருமையோடு, "ஆம், வரவழைத்துவிடலாம்" என்று வாய் திறந்தோம்.

திறந்த வாய் அப்படியே நின்றது. அத்தீவைப்பற்றி வாஷிங்டன் பேசுகிறது, பெய்ஜிங் பேசுகிறது, டோக்கியோ பேசுகிறது. எவருடையது, எவர் காப்பது, எங்கே பெயர்ப்பது என்றெல்லாம் பேசுகின்றனர். அங்கே வாழ்வோரைக் கேட்டது யார்? அவர்களைக் குறைகூற இவ்வளவு படித்தோமே, நம் கூடத்திலே நடப்பது மட்டும் என்ன? சோதிடர் பேசினார், மைத்துனர் பேசினார், நாமும் பேசினோம். முனைவர் பட்டம் பெற்ற ஒரு பெண்ணின் வாழ்வை, அவளைக் கேளாமலே, கூடத்திலே அமர்ந்து பங்கிட்டோம்! கழுத்திலே வடம் சுற்றுவோரைப் பழித்த நம் கையிலும் ஒரு வடம் இருந்தது. அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருந்தோம்.

தொலைபேசியிலே அழைத்தோம். "அம்மா! நீ என்ன எண்ணுகிறாய்?" என்று கேட்டோம். ஐந்து ஆண்டுகளிலே முதன்முறையாகக் கேட்டோம்.

சற்று நேரம் மௌனம். பிறகு சொன்னாள்: "அப்பா, எனக்கும் அச்சம் உண்டு. ஆண்டுதோறும் வான் தாக்குதல் ஒத்திகைக்குச் சங்கு ஊதும்போது, ஒத்திகைதான் என்று தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனால், இங்கே உள்ளவர்கள் நாற்றும் நடுகிறார்கள், வீடும் கட்டுகிறார்கள், பிள்ளையும் பெறுகிறார்கள். அவர்களுக்கு ஓட வேறு வீடு இல்லை. எனக்கு இருக்கிறது. அது எனக்குத் துணிவு. நான் கற்றதை இங்கே முழுமையாகச் செய்துபார்க்க வேண்டும். திரும்ப வேண்டிய நாள் வந்தால் நானே சொல்வேன். அதுவரை என்னை அழைக்காதீர்கள், கேட்டுக்கொண்டிருங்கள்."

துணைவியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாப்பிட்டாயா?" என்று மட்டும் கேட்டார். அக்காள் ஜாதகத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். எரித்துவிடவில்லை, உள்ளதைச் சொல்கிறோம்.

அச்சம் ஒழிந்ததா? இல்லை. இன்றும் அத்தீவின் பெயர் செய்தியிலே வந்தால் கை தானே தொலைபேசியைத் தேடுகிறது. ஆயினும், ஒன்று தெளிந்தோம். மணலை மகுடமாக்கியது மந்திரமன்று. கற்கச் சென்ற இளைஞர், இரண்டு முறை தோற்றும் எழுந்த ஒருவர், பெயர் தெரியாத பெண் தொழிலாளர், நீரை விட்டுக்கொடுத்த உழவர் எனப் பலருடைய உழைப்பு. அந்த மகுடத்துக்காக வல்லரசுகள் மோதும்போது, விலை பேசுவோர் எவரும் இவர்களை அழைத்து ஒரு சொல் கேட்பதில்லை. கேட்கவேண்டும். தீவானாலும், தொழிலாளியானாலும், பெற்ற மகளானாலும், அவரவர் வாழ்வைப்பற்றி அவரவரைக் கேட்கவேண்டும். நாம் ஐந்து ஆண்டு தாமதித்தோம். உலகம் எத்தனை ஆண்டு தாமதிக்கப்போகிறது?